டர்போ மாட்டுவதற்கு முன்னால்

அந்தக் காரை ஒரு டிராக்டர் இழுத்துக்கொண்டு வந்தது. டிராக்டரை ஓட்டியவர் அறுபதை நெருங்கும் ஒரு விவசாயி. பின்னால் கயிறு கட்டிய காருக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவருடைய மனைவி. ஒரத்தநாட்டுக்கு உள்ளே தள்ளி இருக்கும் கிராமத்திலிருந்து தஞ்சாவூர் ரோட்டில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப் வரைக்கும், கயிறு தொய்யும்போதெல்லாம் பிரேக்கை மிதித்து மிதித்து அந்த அம்மா வந்திருந்தார். இறங்கியதும் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கணவரிடம், "இன்னொரு தடவை இந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதீங்க" என்றார். அப்புறம்தான் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

"மெக்கானிக் இருக்காருங்களா?" என்று அந்த விவசாயி கேட்டார்.

"நான்தாங்க."

"அப்படிங்களா. நல்லதுங்க" என்றார். அவ்வளவுதான். ஆட்டோமொபைலில் டிப்ளமோ முடித்து, திருச்சியில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஷெட் போட்டு மூன்று வருஷம் ஆகியும், முதல் தடவை வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்ணைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் இன்னொருவரைத் தேடுவார்கள். இவர் தேடவில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

டிராக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் சாக்கு சுற்றி வைத்திருந்த ஓர் அட்டைப்பெட்டியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே தெர்மாகோலுக்கு நடுவில் ஒரு டர்போ இருந்தது. பார்ப்பதற்குப் பெரிய நத்தை மாதிரி இருக்கும். சைலன்ஸர் வழியாக வீணாகப் போகும் புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அந்த வேகத்தில் எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், இழுவையும் கூடும். சில கார்கள் கம்பெனியிலிருந்தே இதோடு வரும். இல்லாத காருக்கு வெளியே வாங்கி மாட்டுவது தனி வேலை. நம் பக்கத்தில் அதைச் செய்கிறவர்கள் குறைவு. நான் அதுவரை இரண்டே வண்டிக்குத்தான் செய்திருந்தேன்.

"இதை அனுப்புனது என் மகன்" என்றார். "மஸ்கட்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல இருக்கான். தீபாவளிக்கு வர்றான். மாட்டுறதை அவனே வந்து மாட்டிக்குவானாம். அதுக்கு முன்னாடி வண்டியில என்னென்ன சரி பண்ணணுமோ அதையெல்லாம் பண்ணி வைக்கச் சொல்லியிருக்கான்."

"உங்ககிட்ட என்னென்னன்னு சொன்னாரா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாதான் பதில் சொன்னார். "எங்கிட்டதான் சொன்னான். அவுங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல."

அவர் அந்தப் பேச்சைக் காதில் வாங்காதவர் மாதிரி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மகன் போனில் சொல்லச் சொல்ல அம்மா திருப்பிச் சொல்ல, இவர் எழுதியது. கம்ப்ரஷன் பார்க்கணும். ரிங், பேரிங் பார்க்கணும். கேஸ்கட் கெட்டியானது போடணும். ரேடியேட்டர் சுத்தம். கிளட்ச் புதுசு. பெட்ரோல் பம்ப் பெரிசு. ஆயில் திரும்பி வர வழி. எழுத்துகள் நேராக, குண்டு குண்டாக இருந்தன. மகனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வைத்த பழைய செடான். ஆறு வருஷமாக மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு நின்றிருக்கிறது. சீட்டுக்கு அடியில் எலி வைக்கோல் சேர்த்து வைத்திருந்தது.

இப்படி நின்ற வண்டியை எடுத்தவுடன் சாவி போட்டுத் திருகக் கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். மறுநாள் அவர் பைக்கில் வந்திருந்தார். வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்ததாகச் சொன்னார். வேட்டி ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது. நான் ஸ்பேனரை மெதுவாக இழுத்தேன். எஞ்சின் சுற்றியது.

"உசுரு இருக்கா?" என்று கேட்டார்.

"சுத்துதுங்க. மத்ததைப் பார்க்கணும்."

"என்னாலதான் போச்சு இந்த வண்டி" என்றார், கேட்காமலே. அதன் பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னார்.

பெரிய புயல் அடித்த வருஷம். ஊரில் தென்னை ஒன்று பாக்கியில்லாமல் சாய்ந்து கிடந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நாலு வீடு தள்ளியிருந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லை. மகன் அந்த நேரத்தில் பக்கத்து ஊரில் நண்பன் வீட்டுக் கூரையைச் சரிசெய்யப் போயிருந்தான். வாசலில் நின்றது அவனுடைய கார். படித்து முடித்து இரண்டு வருஷம் தஞ்சாவூரில் வேலை பார்த்து, தானே சேர்த்து வாங்கிய கார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதற்கு அடியில்தான் கிடப்பானாம்.

"டிராக்டர்ல அந்தப் புள்ளைய ஏத்திக்கிட்டுப் போக முடியுமாம்மா? சாவியை எடுத்தேன், போயிட்டேன். மரம் கெடந்த எடத்துல எல்லாம் வரப்புல இறக்கி ஏத்தினேன். தரைப்பாலத்துல முட்டி அளவு தண்ணி. இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு விட்டுட்டேன். பெரியாஸ்பத்திரில கொண்டுபோய்ச் சேர்த்தாச்சு. பொண் கொழந்தை. ரெண்டும் நல்லாருக்கு."

திரும்பி வரும்போது ஊருக்கு ஒரு மைல் இருக்கையில் எஞ்சினில் 'டக் டக்' என்று தட்டும் சத்தம். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. அது என்ன விளக்கு என்று அவருக்குத் தெரியவில்லை. டீக்கடை முன்னால் வண்டி நின்றுவிட்டது. கூட்டம் கூடி, தள்ளி ஓரமாக விட்டார்கள். அந்த நேரத்தில் மகன் வந்து சேர்ந்தான். பானெட்டைத் திறந்து பார்த்தான், சாவியைத் திருகிப் பார்த்தான்.

"எஞ்சினைக் கொன்னுட்டீங்களே, உங்களுக்கெல்லாம் எதுக்கு காருன்னு கேட்டான். இருபது பேரு நிக்கிறாங்க. தண்ணிக்குள்ள காரை விடலாமான்னு கூட தெரியாதா, மாடு ஓட்டறதோட நிறுத்திக்கக் கூடாதான்னு கேட்டான். கோவத்துல சொன்னதுதான். அவன் ஆசையா வெச்சிருந்தது." வேட்டி ஓரத்துச் சேற்றை நகத்தால் சுரண்டினார். "அடுத்த மாசம் விசா வந்துச்சு, போயிட்டான். நடுவுல ரெண்டு தடவை வந்தான். எங்கிட்ட சாப்பிட்டீங்களான்னு கூடக் கேக்க மாட்டான். நானும் வாயைத் திறக்க மாட்டேன். என்னன்னு பேசுறது? இப்போ திடீர்னு இதை அனுப்பியிருக்கான். வண்டியத் தயார் பண்ணி வைக்கச் சொல்றான். அதான், ஒரு கொறையும் இல்லாம செஞ்சு வெச்சிடணும்மா."

டர்போ என்பது நல்ல எஞ்சினுக்குப் பலம், நோஞ்சான் எஞ்சினுக்கு எமன். அதனால் மாட்டுவதைவிட அதற்கு முன்னால் சோதிப்பதுதான் பெரிய வேலை. பழைய ஆயிலை வடித்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தபோது ஆயிலுக்குள் மினுமினுவென்று பொடி மிதந்தது. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. இரும்பு இல்லை என்றால் பேரிங்கின் பூச்சு. உள்ளே எதுவோ ஆயில் இல்லாமல் உரசித் தேய்ந்திருக்கிறது. புது ஆயில் விட்டு நான்கு சிலிண்டருக்கும் அழுத்தம் பார்த்தேன். மூன்று சிலிண்டர் நூற்று எழுபதை ஒட்டி நின்றது. மூன்றாவது சிலிண்டர் மட்டும் நூற்றிருபதைத் தாண்டவில்லை.

"எஞ்சினைக் கீழே இறக்கித்தாங்க ஆகணும்" என்றேன்.

"இறக்குங்க. நான் பிடிக்கிறேன்."

சொன்னபடியே பிடித்தார். செயின் புல்லியை நான் இழுக்க, எஞ்சின் எங்கும் இடிக்காமல் இரண்டு கையாலும் தாங்கித் தாங்கி வெளியே கொண்டுவந்தார். நெல் மூட்டையை வண்டியில் அடுக்கிப் பழகிய கை. எதை எங்கே பிடித்தால் சாயாது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஸ்டாண்டில் நிறுத்தியதும் சாப்பிட்டுவிட்டு வருவதாகப் போனார். நான் எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சம்ப்பைக் கழற்றினேன்.

கழற்றியதும் புரிந்துவிட்டது.

சம்ப்பை எஞ்சினோடு ஒட்டும்போது இடையில் ஆயில் கசியாமல் இருக்க சிலிக்கான் பசை வைப்போம். கோடு மாதிரி மெல்லிசாக வைத்தால் போதும். கூட வைத்தால் போல்ட்டை இறுக்கும்போது உள்பக்கம் பிதுங்கும். இங்கே முறுக்கு பிழிந்த மாதிரி சுற்றிலும் பிதுங்கியிருந்தது. பிதுங்கியதில் பாதி பிய்ந்து, ஆயிலோடு போய், பம்ப் ஆயிலை உறிஞ்சும் சல்லடையை அடைத்திருந்தது. சல்லடையில் கால்வாசிகூடத் திறந்திருக்கவில்லை. மூன்றாவது பிஸ்டனின் பேரிங்கைக் கழற்றினேன். வெள்ளைப் பூச்சு முழுக்கப் போய்ச் செம்பு தெரிந்தது.

உடனே முடிவுக்கு வரக் கூடாது என்று மேல்பக்கத்தையும் திறந்தேன். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் தண்டு வளையும். வளைந்தால் அந்தப் பிஸ்டன் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நிற்கும். ஒவ்வொன்றாக உச்சிக்குக் கொண்டுவந்து பார்த்தேன், நான்கும் ஒரே உயரத்தில் நின்றன. காற்று வடிகட்டி இருக்கும் பெட்டியில் சேற்றுக் கோடு இல்லை. வடித்த ஆயில் மோர் மாதிரி வெளுத்தும் இல்லை. இந்த எஞ்சினுக்குள் ஒரு சொட்டு வெள்ளத் தண்ணீர் போகவில்லை. அன்றைக்கு யார் ஓட்டியிருந்தாலும், எந்த ரோட்டில் ஓட்டியிருந்தாலும், அது நின்றிருக்கும்.

அவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வந்ததும், "ஐயா, வண்டி நிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா யாராவது எஞ்சின்ல வேலை பார்த்தாங்களா?" என்று கேட்டேன்.

"வேற யாரு, அவன்தான். புயலுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆயில் ஒழுகுதுன்னு அடியில படுத்து ஒரு நாள் பூரா வேலை பார்த்தான். அன்னிக்கு அவன் சாப்பிடக்கூட வரல. ஏம்மா?"

சல்லடையை அவர் கையில் கொடுத்தேன். வரிசையாக எல்லாவற்றையும் காட்டினேன். பேரிங்கை, பிஸ்டன்களை, ஆயிலை. நான் முடித்ததும், "அப்போ தண்ணியால இல்லையா?" என்றார்.

"இல்லைங்க."

சல்லடையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தரைப்பாலத்துல விட்டேனே, அதனால இல்லையா?"

"இல்லைங்க. நீங்க ஓட்டுனதால ஒண்ணும் ஆகல. அந்தப் பொண்ணை ஆஸ்பத்திரில விட்டுட்டுத் திரும்புற வரைக்கும் ஓடினதே பெரிசு."

அவர் ஷெட்டுக்கு வெளியே இருந்த குழாய்க்குப் போய் முகத்தைக் கழுவினார். முகம் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் போல்ட்டுகளை டிரேயில் அடுக்கினேன். திரும்பி வந்தபோது துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"அவன்கிட்ட சொல்லாதீங்கம்மா."

"ஏங்க?"

"சொன்னா என்ன ஆவப்போவுது? எனக்கு இது பழகிப்போச்சு, ஆறு வருஷமாச்சு. அவன் அங்க ஒரு ரூம்ல எட்டுப் பேரோட கெடக்கான். நாலு பேர் முன்னாடி அப்பனை அப்படிக் கேட்டுட்டோமே, தப்பு நம்மளுதாச்சேன்னு தெரிஞ்சா அவன் எப்படித் தாங்குவான்? எதுவும் தெரிய வேணாம். இதைத் தொடச்சு, புதுசு போட்டு, மூடிடுங்க." சல்லடையைச் செய்தித்தாளில் சுற்றி வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். "இது இங்க இருக்க வேணாம்."

நான் சரி என்றேன். அப்போது அது சரியென்றுதான் தோன்றியது.

அடுத்த இரண்டு மாதம் வேலை நடந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் திருச்சிக்கு அனுப்பி மெருகு போட்டு வாங்கினேன். புது ரிங், புது பேரிங், எஃகில் அடுக்கிய கெட்டி கேஸ்கட். கூடுதல் சூட்டைத் தாங்க ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன். கூடுதல் இழுவையைத் தாங்கக் கனமான கிளட்ச் வந்தது. குறுவை அறுப்பு நடக்கும்போது அவர் வரவில்லை. அறுப்பு முடிந்து சம்பாவுக்கு உழுவதற்குள் கிடைத்த இடைவெளியில் தினமும் வந்தார்.

ஒரு வேலையில் அவர் எனக்கே யோசனை சொன்னார். டர்போவுக்குப் போகும் ஆயில் அழுத்தத்தோடு போகும். திரும்பி வரும்போது அழுத்தம் இருக்காது, தானாக வடிந்துதான் சம்ப்புக்கு வர வேண்டும். அதற்குச் சம்ப்பில் ஓட்டை போட்டு ஒரு குழாய்முனையை வெல்டிங் செய்ய வேண்டும். எங்கே போடுவது என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டிருந்தேன்.

"இது வடிகால்தானே?" என்றார்.

"ஆமாங்க."

"அப்போ இன்னும் மேலே போடுங்க. உள்ளே நிக்கிற ஆயில் மட்டத்துக்கு மேலே வாய் இருக்கணும். இல்லன்னா எதுத்துக்கும், வடியாது. வாட்டமும் பத்தாது உங்க கோட்டுல."

அளந்து பார்த்தேன். அவர் சொன்னதில் ஒரு விரல்கடை நியாயம் இருந்தது. மேலே தூக்கிக் குறித்தேன்.

அந்த நாட்களில் அவர் மாறியது எனக்குத் தெரிந்தது. முன்னெல்லாம் வண்டியைத் தொடும்போது அடிபட்ட மாட்டைத் தொடுகிற மாதிரி தொடுவார். இப்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். டீ வாங்கி வந்தால் எனக்கும் சேர்த்துப் பஜ்ஜி வாங்கினார். ஒரு நாள் கேட்டேன், "வீட்ல அம்மாகிட்டயாவது சொன்னீங்களா?" என்று. "சொன்னா அடுத்த நிமிஷம் மஸ்கட்டுக்குப் போயிடும்" என்று சிரித்தார்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் மகன் வந்தார். வந்த மறுநாள் காலையில் அப்பாவின் பைக்குக்குப் பின்னால் உட்கார்ந்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். முப்பத்திரண்டு வயது இருக்கும். அப்பாவின் அதே நீளக் கை. இறங்கியதும் அப்பா, "நீங்க பார்த்துக்கிட்டிருங்க, டீ சொல்லிட்டு வர்றேன்" என்று எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போனார்.

மகன் காரைச் சுற்றி வந்தார். டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். குனிந்து சம்ப்பின் ஓரத்தை விரலால் தடவினார்.

"நல்லா பண்ணியிருக்கீங்கக்கா. ஆயில் ரிட்டர்ன் லைன் சரியான உயரத்துல இருக்கு."

"அது ஐயா சொன்ன எடம்."

நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "மாத்துன பழைய சாமானெல்லாம் இருக்கா?" என்று கேட்டார்.

பழைய பேரிங், ரிங் எல்லாம் இருந்த டப்பாவைக் காட்டினேன். கிளறிப் பார்த்தார். செம்பு தெரிந்த பேரிங்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சல்லடை எங்கக்கா?"

"அது... பழைய இரும்போட போயிடுச்சு போலிருக்கு."

"அதுல சிலிக்கான் அடைச்சிருந்துச்சா?"

நான் டப்பாவில் இருந்த ரிங்குகளை அடுக்க ஆரம்பித்தேன். எனக்குப் பொய் சொல்ல வராது, ஒரு தடவை சொன்னதே அதிகம்.

அவர் டயர் மேல் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும்க்கா. அங்க போன மொத வருஷம் ஒரு வண்டி வந்துச்சு. அதே மாதிரி தட்டுற சத்தம். ஃபோர்மேன் சம்ப்பைக் கழட்டி, இந்த மாதிரி பசை வெச்சா இப்படித்தான் ஆகும்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுனாரு. நான் பாத்ரூம்ல போய் உட்கார்ந்துட்டேன். ஒரு டியூப் முழுக்க அன்னிக்கு நான் பிதுக்கினேன். ஒழுகவே கூடாதுன்னு." பேரிங்கை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். "அஞ்சு வருஷமா தெரியும். போன்ல எப்படிச் சொல்றது? ரெண்டு தடவை லீவுல வந்தப்பவும் சொல்லணும்னுதான் வந்தேன். அவர் மூஞ்சியப் பார்த்தா வார்த்தை வரல. எஞ்சினைத் திறந்தா உண்மை தெரியும், அதை வெச்சு ஆரம்பிக்கலாம்னுதான் இந்த டர்போவையே அனுப்புனேன். இப்போ நீங்க திறந்து மூடியும் ஆச்சு. இன்னும் அவருக்குத் தெரியாது, இல்ல?"

இந்த இடத்தில் நான் வாக்கை மீறினேன். சரியா தப்பா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் டீக்காகக் காத்து நிற்பது தெரிந்தது. யோசித்துத்தான் சொன்னேன்.

"தெரியும். ரெண்டு மாசமாத் தெரியும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டாரு. நீங்க தாங்க மாட்டீங்கன்னு. சல்லடையை அவர்தான் எடுத்துட்டுப் போனாரு."

அவர் என்னையே பார்த்தார். "நேத்து ஏர்போர்ட்ல எம் பையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டாரு. நான் குடுக்காட்டியும் பிடுங்கி வாங்கிக்கிட்டாரு" என்றார்.

அப்பா மூன்று டீயைக் கம்பிக் கூண்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மகன் எழுந்து நின்றார்.

"அப்பா. வண்டி போனது உங்களால இல்ல. நான் பண்ண வேலையால."

அவர் கூண்டைப் பெஞ்சில் வைத்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கோபம் இப்போதும் என் கண் முன்னால் இருக்கிறது.

"சொல்லிட்டீங்களா?"

"அவங்க சொல்லலப்பா. எனக்கு அஞ்சு வருஷமாத் தெரியும். நான்தான் சொல்லாம இருந்தேன். அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி உங்களை..." குரல் உடைந்தது. இத்தனை பெரிய ஆள் கிரீஸ் பட்ட கையாலேயே முகத்தைத் தேய்த்துக்கொண்டு அழுததில் கன்னமெல்லாம் கறுப்பாகிவிட்டது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "தேய்க்காத, இன்னும் ஈஷும். மண்ணெண்ணெய் தொட்டுத் தொடை" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

நான் ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

எஞ்சினைப் புதுப்பித்தால் உடனே டர்போவை மாட்டி முடுக்கக் கூடாது. புது ரிங் சிலிண்டரோடு பழக வேண்டும். அதற்கு ஆயிரம் கிலோமீட்டராவது நிதானமாக, வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டும். இது மகனுக்கும் தெரியும். அந்த லீவு முழுக்க அப்பாவும் மகனும் அந்த வேலையைத்தான் செய்தார்கள். நாகப்பட்டினம் போய் மீன் வாங்கி வந்தார்கள். திருவையாறு, கும்பகோணம், மன்னார்குடி என்று ஊர் ஊராகப் போனார்கள். அறுபதைத் தாண்டக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். லாரியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு முந்திப் போனதாம்.

ஐந்நூறாவது கிலோமீட்டரில் ஆயில் மாற்ற அப்பா மட்டும் வந்தார். அன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஆயில் வடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "எனக்கு முன்னாடியே தெரியும்னு நீங்க சொன்னதை அவன் சொன்னான். நான் சொல்லாதீங்கன்னு சொன்னேன்" என்றார்.

"ஆமாங்க."

"நீங்க சொல்லியிருக்கக் கூடாது."

"ஆமாங்க."

"அவனுக்கே தெரிஞ்சிருந்தது வேற விஷயம். உங்களுக்கு அது தெரியாது, நீங்க சொல்லிட்டீங்க."

சரியாகச் சொன்னால் அப்படி இல்லை, மகன் தனக்குத் தெரியும் என்று சொன்ன பிறகுதான் நான் சொன்னேன். ஆனால் திருத்தவில்லை. அவர் கோபத்தில் பாதி நியாயம் இருந்தது. அடுத்தவர் வீட்டு ரகசியத்தை வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு, நானே நாள் பார்த்து அவிழ்த்தவள் நான்.

புது ஆயிலை ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். "தீபாவளியன்னிக்குக் காலையில எங்க ஊரு டீக்கடைக்குப் போனான். புயல் வருஷம் அங்க நின்னவங்க முக்கால்வாசிப் பேர் இருந்தாங்க. எல்லார் முன்னாடியும் சொன்னான். எங்கப்பா மேல தப்பில்ல, வேலை தெரியாம எஞ்சினைக் கெடுத்தது நான், பழியை அவர் மேல போட்டேன்னு. எனக்குத் தெரியாது. கடைக்காரர் வந்து சொன்னாரு. எதுக்குடா இதெல்லாம்னு திட்டினேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சாயங்காலம் டீ குடிக்கப் போனேன். எல்லாரும் ஒரு மாதிரி எழுந்து எடம் விட்டாங்க."

லீவு முடிந்தபோது எண்ணூறு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. மீதியை அப்பாவும் அம்மாவும் ஓட்டி முடித்தார்கள். இந்தத் தடவை அந்த அம்மா பக்கத்து சீட்டில் வசதியாக உட்கார்ந்து வந்தார். சித்திரையில் மகன் மறுபடியும் வந்தார். அவரும் நானுமாக ஆறு நாள் வேலை பார்த்து டர்போவை மாட்டினோம். ரோட்டில் ஓட்டுவதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதிக்கு எழுதிப் போட்டிருந்தோம். அது வருவதற்குள் சோதித்துப் பார்க்க, ஊருக்கு வெளியே பிளாட் போட்டு இன்னும் ஒரு வீடுகூட வராத மனைப்பிரிவில் அதன் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு வண்டியை இறக்கினோம். நீளமான தார் ரோடு, ஆள் இல்லை.

மகன் ஓட்ட, அப்பா முன்னால் உட்கார்ந்தார். மீட்டரைப் பார்த்துக்கொள்ள நான் பின்னால். முதலில் மெதுவாக இரண்டு சுற்று. எல்லாம் சூடாகி, அளவுகள் சரியாக நின்றன. நான் தலையாட்டினேன். மகன் இரண்டாவது கியரில் முழுக்க மிதித்தார். ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. பிறகு விசில் மாதிரி ஒரு சத்தம் எழும்பி, வண்டி எங்கள் மூன்று பேரையும் சீட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு பாய்ந்தது. அப்பா இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். ரோடு முடிகிற இடத்தில் மகன் பிரேக் போட்டு நிறுத்தினார். அப்பா பயந்துவிட்டாரோ என்று நாங்கள் இருவரும் அவர் முகத்தைப் பார்த்தோம்.

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"திருப்புடா. இன்னொரு தடவை போ" என்றார்.